ஒரே லெப்டொப்பில் முன்வெளியீடு: விண்டோஸ் இன்சைடரா, உபுண்டு பீட்டாவா, ஃபெடோராவா?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் பெரும்பாலும் ஒரே லெப்டொப்தான் இருக்கும். பாடக் குறிப்பு, அசைன்மென்ட் எல்லாம் அதற்குள்தான். இணையம் ஃபோன் ஹொட்ஸ்பொட்டில். இப்படி இருக்கையில் முன்வெளியீட்டில் (இறுதியாவதற்கு முன் சோதனைக்கு விடும் இயங்குதளப் பதிப்பில்) ஏறுவதற்கு முன், பழையதற்குத் திரும்பி இறங்க வழி உண்டா, எத்தனை ஜிபி போகும் என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

இறங்குவதில் விண்டோஸ்தான் கடினம். விண்டோஸின் முன்வெளியீட்டுத் திட்டம்தான் இன்சைடர். 2023 மார்ச்சில் கேனரி சேர்ந்தபோது அதன் சேனல்கள் நான்காயின: கேனரி, டெவ், பீட்டா, ரிலீஸ் பிரிவியூ. சேருவதற்கு மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டும், மெஷினின் பயன்பாட்டு விவரத்தை மைக்ரோசொஃப்டுக்கு அனுப்பும் விருப்பக் கண்டறிதல் தரவையும் திறந்துவிட வேண்டும். புதிய பில்ட் (பதிப்பு) ஏறிய பின் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம். அந்த 10 நாளுக்குள் டிஸ்ம் என்ற விண்டோஸ் கருவியின் கட்டளை கொடுத்தால் 60 நாள் வரை நீட்டலாம். ஆனால் இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புறையை அழித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். பலர் மாட்டுவது இங்கேதான். கேனரியை விட்டு வெளியேற, டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவ வேண்டும். டெவ்வும் பெரும்பாலும் அப்படித்தான். முன்வெளியீட்டு பில்டுகளுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. ரன் பெட்டியில் வின்வர் (winver) கொடுத்தால் அது தெரியும். தேதி தாண்டினால் மெஷின் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகி, கடைசியில் பூட் ஆகாமலே போகும். ஆகவே விண்டோஸ்தான் வேண்டும் என்றால் ரிலீஸ் பிரிவியூவோடு நிற்பது நல்லது. ஹொட்ஸ்பொட் இணைப்பை மீட்டர்ட் (டேட்டா அளவோடு உள்ள இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பில்ட் மாத பெக்கேஜைக் காலி செய்துவிடலாம்.

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் பீட்டாவை (சோதனைப் பதிப்பை) நிறுவாமலே பென் டிரைவில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதை அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம். டிஸ்க்கில் எதுவும் மாறாது. பிடித்துப்போய் நிறுவினாலும், வழமையான அப்டேட்களைப் போட்டு வந்தாலே ஏப்ரலிலோ ஒக்டோபரிலோ அதுவே இறுதி வெளியீடாகிவிடும். டெஸ்க்டொப் கோப்பு மட்டும் பெரியது, 5 ஜிபிக்கு மேல். டவுனில் நண்பரிடம் கொப்பி எடுப்பதானால் பென் டிரைவ் எக்ஸ்ஃபெட் ஃபோர்மட்டில் இருக்கட்டும். ஃபெட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு நிற்காது. பூட் ஆகும்படி பென் டிரைவில் எழுதுவதற்கு முன், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்னல் விட்டுவிட்டு வந்து இறக்கிய கோப்பில் பழுது இருந்தால், நிறுவல் பாதியில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

இன்னொரு லினக்ஸான ஃபெடோரா வேர்க்ஸ்டேஷன் 2 முதல் 3 ஜிபிக்குள் முடியும். டேட்டா குறைவானவருக்கு இதுவே தோது. இதன் பீட்டாவும் இறுதி வெளியீடாக மாறும். ஆனால் பீட்டாக் காலத்தில் சோதனைக் களஞ்சியம் (இன்னும் சோதிக்கப்படும் அப்டேட்கள் இருக்கும் இடம்) திறந்திருப்பதால் அப்டேட்கள் அடிக்கடி வரும். சில பாட வீடியோக்கள் ஓட, அவற்றைத் திறக்கும் கோடெக் மென்பொருளையும் தனியே இறக்க வேண்டும். ஃபெடோராவின் எந்நேரமும் மாறும் சோதனைப் பதிப்பான ரோஹைட் வேறு சங்கதி: அது என்றைக்கும் இறுதியாகாது. ஒரே லெப்டொப்பில் அதைப் போடவே வேண்டாம்.

எங்கள் தெரிவு பென் டிரைவில் உபுண்டு. டேட்டா இடிக்கிறது என்றால் ஃபெடோரா. விண்டோஸோடு சேர்த்து நிறுவுவதானால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கலாம். இரண்டு பீட்டாக்களும் வரும் காலத்தை ஒட்டியே மலையகத்தில் பின்னேர இடிமழையும் வரும். பார்டிஷன் பிரிக்கும்போது கரண்ட் போனால், பட்டரி செத்த லெப்டொப்பில் டிஸ்க்கே குழம்பிவிடும். காலையில், முழுச் சார்ஜில் தொடங்குங்கள்.

தமிழையும் சோதியுங்கள். டெர்மினலிலும் லிப்ரே ஒஃபிஸிலும் கொ, கௌ, ஸ்ரீ தட்டிப் பாருங்கள். ஸ்ரீயை இரண்டு விதமான யூனிகோட் வரிசையில் எழுதலாம். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். எழுத்து உடைந்தால் எழுத்துருவின் பெயர், விசைப்பலகை, ஸ்கிரீன்ஷொட் மூன்றையும் சேர்த்து, பழுது பதியும் தளங்களான, உபுண்டுவானால் லோஞ்ச்பேடிலும் ஃபெடோராவானால் பக்ஸில்லாவிலும், இறுதி வெளியீட்டுக்கு முன்பே பதியுங்கள்.