இடைவெளியை எண்ணுவதா, ஸ்தானத்தை உணர்வதா?

பாட்டைக் கேட்டதும் சுரம் சொல்ல வேண்டும் என்ற ஆசை வந்தால், காதைப் பழக்க இரண்டு வழிகள் கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு நடுவே எத்தனை அரைச்சுரம் (கறுப்பு, வெள்ளை சேர்த்து, கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கட்டைக்கு உள்ள தூரம்) என்று கணிப்பது ஒன்று. ஆதார ஷட்ஜத்தை, அதாவது பாட்டு ஊன்றி நிற்கும் 'ஸ'-வை, மனதில் நிறுத்தி, ஒவ்வொரு சுரமும் அதிலிருந்து எங்கே நிற்கிறது என்று உணர்வது இன்னொன்று; இதுதான் ஸ்தான முறை.

நான் முதல் வழியில்தான் ஆரம்பித்தேன். கீபோர்டில் இரண்டு சுரம் வாசித்தால் சரியாகச் சொல்லிவிடுவேன். பாட்டு ஓட ஆரம்பித்தால் திணறல்தான். ஓர் இடத்தில் தப்பினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே தப்பு.

காரணம் பிறகுதான் புரிந்தது. சங்கராபரண ராகத்தில் ரி-ம, க-ப, த-மேல் ஸ, நி-மேல் ரி ஆகிய நான்கிலுமே மூன்று அரைச்சுர இடைவெளிதான். தனியாகக் கேட்டால் நான்கும் ஒன்றுதான். ஸ-வைத் தொடர்ந்து ஒலிக்கும் தம்பூராவை ஓடவிட்டுப் பாடிப் பாருங்கள். க-ப போய் உட்கார்ந்துவிடுகிறது. நி-ரி ஷட்ஜத்தைத் தாண்டிப் போய் அந்தரத்தில் நிற்கிறது. காது பிடிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

தொடக்கப் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவது இதற்கு நல்ல வசதி. அதன் ரி-யான சுத்த ரிஷபம் ஸ-வுக்கு அரைச்சுரம் மேலே, நி-யான காகலி நிஷாதம் அரைச்சுரம் கீழே. இரண்டுமே ஸ-வை நோக்கிச் சாயும். சுருதியோடு நி-யை மட்டும் நீட்டிப் பிடித்து நிறுத்துங்கள். ஸ-வுக்குப் போகாமல் மனசு ஆறாது.

பிரான்ஸ், இத்தாலியில் மேற்கத்திய சுரப்பெயரான 'டோ' என்றால் எப்போதும் ஒரே சுரம்தான். ஒரு கட்டை, ஐந்து கட்டை என எந்தச் சுருதி உயரத்திலும் அதே ஸ பாடும் நமக்கு அது ஒத்துவராது. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் பரப்பிய, பாட்டின் ஆதார சுரத்தோடு நகரும் 'டோ'தான் நம் வழிக்குப் பக்கத்தில் வருகிறது.

அப்புறம் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. தோடி ராகத்தின் காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். அதில் அரைச்சுரத்தை எங்கிருந்து எண்ணுவது? ஆனாலும் பழகிய காது அதைக் 'க' என்றே கேட்கும்.

இடைவெளி ஞானம் கைகொடுக்கும் இடமும் உண்டு: கிரகபேதம், அதாவது ராகத்தின் வேறொரு சுரத்தை ஸ-வாக மாற்றிக்கொள்வது. சங்கராபரணத்தின் ரி-யை ஸ-வாக வைத்தால் கரகரப்பிரியா ராகம் வரும். அந்த நேரத்தில் பழைய ஸ-விலேயே ஒட்டிக்கொண்ட காது தடுமாறும். இடைவெளி தெரிந்தவருக்குப் புது ஸ சீக்கிரம் பிடிபடும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை ஸ்தான முறைதான். சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு யாரையாவது ஒரு சுரம் வாசிக்கச் சொல்லுங்கள். எண்ணாமல், அங்கிருந்து ஸ-வுக்குப் பாடி வாருங்கள்: 'க ரி ஸ', 'த நி ஸ'. வந்த பாதையே அது எந்தச் சுரம் என்று சொல்லிவிடும்.