மகசீருக்கு எந்தத் தடி: ஸ்பின்னிங்கா, பிளையா?

பாறையில் நின்று ஸ்பூன் என்கிற பளபளக்கும் உலோகப் போலி இரையை வீசிப் பாரை பிடித்துப் பழகிய கைகள் எங்களுடையவை. திருகோணமலையில் தூண்டில் போடுகிற யாருக்கும் ஸ்பின்னிங் தடியைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. இமயமலை ஆற்றில் மகசீர் என்கிற பெரிய ஆற்று மீனைப் பிடிக்கப் போவதென்றால், இருக்கிற தடியையே கட்டிக்கொண்டு போனால் என்ன? கனடாவிலிருந்து வந்த மச்சான் தன் பிளை தடியை என்னிடம் விட்டுப்போகும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எடை எங்கே இருக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஸ்பின்னிங்கில் 20 கிராம் ஸ்பூன் பறக்கும், நூல் அதன் பின்னால் ஓடும். பிளையில் மயிரும் இறகும் கட்டிய கொக்கிக்கு எடையென்று சொல்ல ஒன்றுமில்லை. பூச்சுப் போட்ட தடித்த நூல்தான் எடை. அந்த நூலைப் பின்னால் எறிந்து, அது முழுக்க நீளும் வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். அந்தப் பொறுமைதான் எனக்கு வரவில்லை. உப்புவெளி மணலில் கடலைப் பார்த்து நின்றால் கச்சான் காற்று முதுகில் அடிக்கும். பின்னால் போன நூல் விரியாமல் சுருண்டு விழ, கொக்கி சட்டையில் ஏறும். ஒருநாள் காதுமடலில் ஏறியது. கொக்கி கழலாமல் பிடிக்கிற எதிர்முள்ளை நசுக்கி வைத்திருந்ததால் இழுத்தவுடன் கழன்று வந்தது. அதன்பிறகு விடியற்காலையில், காற்று எழும்ப முன் போய்ப் பழகினேன். பதினைந்து மீற்றர் ஒழுங்காக விழ இரண்டு மாதம் பிடித்தது. ஸ்பின்னிங்கில் ஒரு சின்னப் பிள்ளை அரை நாளில் அதைத் தாண்டி எறிந்துவிடும்.

தூரமும் இலகுவும் ஸ்பின்னிங் பக்கம், சரி. கலங்கல் தண்ணீரும் அதன் பக்கம்தான். இந்திய-நேபாள எல்லையில் ஓடும் மகாகாளி போன்ற ஆறுகளில் வெயில் ஏற ஏறப் பனி உருகி, தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். அதில் பிளையை மீன் காணாது. ஸ்பூனின் அதிர்வும் பளபளப்பும் எட்டும். உத்தராகண்டின் மேற்கு ராம்கங்கா வேறு மாதிரி. அது பனிப்பாறையில் பிறக்கவில்லை, ஊற்றும் மழையும் ஊட்டுகிற ஆறு. மழைக்காலம் முடிந்த ஒக்ரோபர், நவம்பரில் தண்ணீர் தெளிந்து, கூழாங்கல் எண்ணலாம் போலிருக்கும். அங்கே ஸ்பூன் 'தொப்' என்று விழுந்த இடத்திலிருந்து மீன்கள் கலைந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். பிளை சத்தமில்லாமல் விழும். மகசீர் அகப்படுகிற இடங்களும், மடுவின் வால்பகுதி, பாறைக்குப் பின்னால் நீர் அடங்கும் மூலை என்று, பெரும்பாலும் அந்தப் பதினைந்து மீற்றருக்குள் வந்துவிடுகின்றன. முதுகுக்குப் பின்னால் மரம் நெருக்கினால் மட்டும் பிளை திண்டாடும்.

கடிக்கிற நொடிதான் எனக்குப் பெரிய வித்தியாசம். ஸ்பின்னிங்கில் அது தடிக்கும் றீலுக்கும் தெரிந்து பிறகு எனக்கு வரும். பிளையில் நூல் என் இடது கை விரல்களுக்குள் இருக்கிறது. இழுத்துக்கொண்டிருந்த நூல் சட்டென்று கல்லில் மாட்டியதுபோல நின்றது. அடுத்த கணம் அந்தக் கல் ஆற்றோட்டத்தோடு கீழே ஓடியது. விரலில் நூல் கீறிய கோடு இரவு வரை எரிந்தது. அந்த நேரத்தில் தடியைத் தூக்கக் கூடாது, நூலைத்தான் இழுத்துக் கொக்கியை ஏற்ற வேண்டும். அந்த முதல் ஓட்டத்துக்காகவே பிளை றீலில் தடித்த நூலுக்குப் பின்னால் கட்டுகிற மெல்லிய பின்நூலை 150 மீற்றருக்குக் குறையாமல் சுற்றி வைக்கிறார்கள்.

கொக்கி விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. மகசீரின் தாடையில் பல் கிடையாது, உதடு தடித்தது. பல் தொண்டையில் இருக்கிறது. நண்டும் நத்தையும் அங்கேதான் நொறுங்கும். மூன்று முனைக் கொக்கி போட்ட ஸ்பூன் ஒரு முனையை உதட்டிலும் மற்றதைக் கண்ணருகிலும் ஏற்றிவிடும். பிளைக்கு ஒற்றைக் கொக்கிதான், ஒரு நொடியில் கழற்றலாம். பொன் மகசீர் உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம். காவிரியின் திமில் மகசீர் 2018 இல் அதைவிட மோசமான, மிக அருகிய நிலைக்குப் போய்விட்டது. எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற மகாவலியிலும் மகசீர் இனமொன்று வாழ்கிறது. பிடித்த மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காமல், நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்துப் பிடித்து, அது தானாக நழுவும் வரை நிற்க வேண்டும். ஸ்பின்னிங் தடிதான் உங்கள் விருப்பம் என்றால், புறப்பட முன் ஸ்பூனில் மூன்று முனைக் கொக்கியைக் கழற்றி, எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள். பத்து நிமிட வேலை.

இரண்டு மாதம் பழக நேரமில்லை, அல்லது பனி உருகும் காலத்தில் போகிறீர்கள் என்றால் ஸ்பின்னிங். தெளிந்த ஆற்றுக்கு ஒக்ரோபரில் போவதென்றால் பிளை, 9 ஆம் எண் தடி (எண் அது வீசுகிற நூலின் எடையைக் குறிக்கும்). நான் இந்த முறை அதைத்தான் கையில் எடுக்கிறேன். பழைய ஸ்பின்னிங் தடியும் பையில் இருக்கும், மழை பெய்து ஆறு கலங்கினால் எடுக்க.