ரிஜிஸ்டர், தாலி, வெறும் பத்திரம்: எந்தத் துணைக்கு எவ்வளவு உரிமை?

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஜோடியாக வாழும் நம்மவர்களில் மூன்று வகையினர் உண்டு. தேசியப் பதிவிலாகாவில் ரிஜிஸ்டர் செய்தவர்கள் ஒரு வகை. கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, இரண்டுமே இல்லாமல் ஒரே வீட்டில் வாழ்பவர்கள்: திருமணமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், பழைய விவாகரத்து இன்னும் முடியாதவர்கள், சட்டம் மணமுடிக்க விடாத ஒருபால் ஜோடிகள். மரணம், நோய், குழந்தை, வீடு என்று எந்தக் கவுண்டருக்குப் போனாலும் இந்த மூவருக்கும் வேறு வேறு பதில்தான் கிடைக்கும். இங்கே சொல்வதெல்லாம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு.

ரிஜிஸ்டர் செய்வது எளிது. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுவாக இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 21-க்குக் கீழ் என்றால் தந்தையின் எழுத்துபூர்வச் சம்மதம் தேவை. மனு கொடுத்து 21 நாள் காத்திருந்து, ஆறு மாதத்துக்குள் மணமுடிக்க வேண்டும். உதவிப் பதிவாளர் நியமனம் பெற்றவர் இருக்கும் கோவிலில் தாலியும் பதிவும் ஒரே முகூர்த்தத்தில் முடிந்துவிடும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், எல்லாக் கோவிலிலும் அந்த நியமனம் இருப்பதில்லை. கோவில் கொடுக்கும் கடிதத்தையே சான்றிதழ் என்று நம்பி, பெட்டியில் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

இதே சட்டம் நெருங்கிய உறவில் மணமுடிப்பதைத் தடுத்துவிட்டு, இந்துக்கள் தாய்மாமனைக் கட்டும் வழக்கத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்கிறது. மனம் வைத்தால் வழக்கத்துக்கு இடம் கொடுக்கச் சட்டத்துக்குத் தெரியும்.

தாலி மட்டும் கட்டியவர்களின் நிலைதான் மூன்றிலும் குழப்பமானது. 1982-க்குப் பிறகு இந்தச் சட்டப்படியே தவிர வேறு எந்த முறையிலும் மணமுடிக்க முடியாது என்கிறது 5-ஆம் பிரிவு. பதிவு இல்லை என்பதாலேயே ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது என்கிறது 34-ஆம் பிரிவு. நீதிமன்றங்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. 1997-இல் ஒரு விபத்து வழக்கில், பதிவு செய்யாத இந்து மனைவியை இறந்தவரின் மனைவியாகவே உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதை நிரூபிக்க ஐயரின் சாட்சியமும் புகைப்படங்களும் வேண்டும், வழக்கு நடத்தும் தெம்பும் வேண்டும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் கவுண்டரில் சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்பார்கள். அங்கே பிழைத்திருப்போர் ஓய்வூதியத்தில் துணைக்கு ஐந்தில் மூன்று பங்கு. அந்தப் பணம் ஒரு காகிதத்தில் தொங்குகிறது.

ஒரே ஒரு இடத்தில் தாலிக்கு முழுப் பலம் உண்டு. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், சமய வழக்கப்படி சடங்கு முடித்தவரை, பதிவு இல்லாவிட்டாலும், துணையாகவே கணக்கில் எடுக்கிறது. சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழும் பெண்ணுக்கு அந்தக் காப்பு கிடையாது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அடி இருவருக்கும் ஒன்றுதானே.

குழந்தை விஷயத்தில் அலட்சியமே கூடாது. பெற்றோர் மணமாகாதவர்கள் என்றால், குடியுரிமைக்கு அரசியலமைப்பு பார்ப்பது தாயை மட்டுமே. தந்தை மலேசியர், தாய் இந்தியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர், பதிவு இல்லை என்றால், ஜார்ஜ் டவுனிலேயே பிறந்த குழந்தையும் மலேசியக் குடியுரிமை இல்லாமல் வளரும். பிறகு ரிஜிஸ்டர் செய்தாலும் பதிவிலாகா பிறந்த அன்றைய நிலையைத்தான் பார்க்கும். பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் வர இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். பராமரிப்புச் செலவைத் தந்தையிடம் கேட்க முடியும். உயில் இல்லாமல் அவர் இறந்தால் சொத்தில் பங்கு கேட்க முடியாது.

மூன்றாம் வகையினர் காகிதத்தால் எவ்வளவு தூரம் போகலாம்? பாதிக்கு மேல் போகலாம், ஆனால் பொறிகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உயில். 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டத்தில் மணமாகாத துணைக்கு ஒரு காசும் இல்லை. (ரிஜிஸ்டர் செய்தவர்களும் கவனிக்க: பிள்ளை இல்லாமல், பெற்றோர் உயிரோடு இருந்தால் பாதி அவர்களுக்குத்தான்.) உயிலுக்கு 18 வயது போதும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பங்கு போய்விடும். உறவு என்ன என்று விவரிக்கத் தேவையில்லை. பெயரும் அடையாள அட்டை எண்ணும் போதும். பிற்பாடு யாரையாவது மணந்தால், அந்தத் திருமணத்தை எதிர்பார்த்து எழுதப்படாத உயில் ரத்தாகிவிடும்.

சேமநிதி வாரியத்தில் யாரை வேண்டுமானாலும் வாரிசாகக் குறிக்கலாம். பணம் நேராக அவருக்கே போகும். அதே நம்பிக்கையில் காப்புறுதியிலும் பெயரைப் போடுவதுதான் பலரும் விழும் பள்ளம். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கணவன், மனைவி, பிள்ளை, இவர்கள் யாரும் இல்லாதபோது பெற்றோர் ஆகியோருக்கே அந்தப் பணம் சொந்தமாகச் சேரும். மற்ற நாமினி வாங்கிப் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகி மட்டுமே. அதனால் பாலிசியையே துணையின் பெயருக்கு எழுதி மாற்றிக் கொடுங்கள், அல்லது உயிலில் அந்தப் பணத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

வீட்டுக் கிராண்டில் (உரிமைப் பத்திரத்தில்) இருவர் பெயரும் இருந்தால், ஒருவர் போனபின் முழு வீடும் மற்றவருக்கு என்று நினைக்காதீர்கள். நம் நிலச் சட்டத்தில் அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கு. உயிரோடிருக்கும்போதே பாதியை மாற்றினால் கணவன் மனைவிக்கு முத்திரை வரி இல்லை, மணமாகாத துணைக்கு உண்டு. 4,00,000 ரிங்கிட் வீட்டின் பாதிக்கு அது 3,000 ரிங்கிட்.

ஒருபால் ஜோடிகள் சிலர் நான்காவது வழியாகத் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரைப் பார்க்கிறார்கள். 2025 ஜனவரி முதல் தாய்லாந்தில் அவர்கள் ரிஜிஸ்டர் செய்யலாம். அந்தச் சான்றிதழுக்கு இங்கே மதிப்பு இல்லை, நம் திருமணச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு அப்படிப்பட்ட திருமணத்தைச் செல்லாது என்கிறது. இத்தகைய உறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுகளும் அப்படியே இருக்கின்றன. அவர்களுக்கு இங்கே மிஞ்சுவது மேலே சொன்ன காகிதங்கள்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல், இத்தகைய இணைகளுக்குக் குடும்ப உறவு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை யோசிக்கும்படி தமிழ்நாட்டு அரசிடம் சொன்னது. இங்கே அந்தப் பேச்சே தொடங்கவில்லை.

காகிதத்தால் அடைக்க முடியாத ஓட்டை நோய்தான். கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் பதிந்த அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) கூட, கொடுத்தவர் நினைவிழந்தால் செயலிழந்துவிடும். துணைக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றால், 20 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவரை விட்டுவிட்டு அண்ணன் தம்பியைத் தேடுவார்கள். சிங்கப்பூரில் 2010 முதல், நினைவு தப்பிய பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரம் இருக்கிறது. 21 வயதான யாரையும் அதில் நியமிக்கலாம், மணமானவரா என்ற கேள்வி கிடையாது. திருமணச் சட்டத்தில் ஒரு வரியும் மாற்றாமல் நம் நாடாளுமன்றம் இதைக் கொண்டுவரலாம். இதைத்தான் நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.