முள் ஏறிய கைக்கு எந்த ஸ்கேன்: அழுத்திப் பார்ப்பதா, லேசரா?

மாமாவின் முன்கையில் செம்பனை மட்டை முள் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. முள், மரச்சிராய் எல்லாம் அதில் பெரும்பாலும் பிடிபடாது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ நகருக்குப் போய், ஒலியின் எதிரொலியை வைத்துப் படமெடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்த பிறகுதான், சின்ன வெள்ளைக் கோடாக, அடியில் கறுப்பு நிழலோடு முள் திரையில் தெரிந்தது. ஆனால் வீங்கிய கையில் ஜெல் தடவிக் கருவியை அழுத்தும்போதெல்லாம் மாமா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். தொடாமல் பார்க்க வழியில்லையா என்று தேடப்போய்த்தான் லேசர் அல்ட்ராசவுண்ட் பற்றிப் படித்தேன்.

தொட்டு எடுக்கும் ஸ்கேன், லேசர் ஸ்கேன் இரண்டுக்குமே வேர் 1880-இல் இருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் கண்டது அந்த ஆண்டு. இன்றைய ஸ்கேன் கருவி அதையே திருப்பிப் போட்டு, மின்சாரம் கொடுத்து ஒலியை எழுப்புகிறது. விட்டு விட்டு விழும் ஒளியும் ஒலியை எழுப்பும் என்று கிரகாம் பெல் கண்டதும் அதே ஆண்டுதான்.

படிகக் கருவிக்குத் தோலைத் தொட்டே ஆக வேண்டும். நடுவில் மெல்லிய காற்று இருந்தாலும் ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஜெல் அதற்காகத்தான்.

லேசர் முறையில் தோலே ஒலியைக் கிளப்புகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதர்களிடம் எடுத்த படங்களை 2019-இல் வெளியிட்டார்கள். 1,550 நானோமீட்டர் அலைநீள லேசரைத் துடிப்புத் துடிப்பாக முன்கையில் பாய்ச்சினார்கள். அந்த ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும்; நம் தோலில் தண்ணீர் நிறைய. மேல்தோல் துளியளவு சூடாகி, விரிந்து, பழைய நிலைக்குத் திரும்பும். அந்த அசைவுதான் ஒலியலையாக உள்ளே போகிறது. சதையிலும் எலும்பிலும் பட்டு எதிரொலி திரும்பி வரும்போது தோல் மறுபடி நுண்மையாக அதிரும். அந்த அதிர்வை இரண்டாவது லேசர் படிக்கிறது. இத்தனையும் அரை மீட்டர் தள்ளி நின்று, கண்ணுக்கும் தோலுக்கும் பாதுகாப்பான அளவில். ஒளியை உறிஞ்சுவது தண்ணீர் என்பதால் தோலின் நிறம் அவ்வளவாகக் குறுக்கே வராது. வெயிலில் கறுத்த நம் தோட்டத்துக் கைகளுக்கு இது பெரிய விஷயம்.

சரி, மாமாவுக்கு இது உதவியிருக்குமா? இப்போதைக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் படங்களில் தெரிந்தவை கொழுப்பு, சதை, எலும்பு என்ற பெரிய அடுக்குகள். மெல்லிய முள்ளைத் தேடுவது வேறு வேலை. ஆழமும் சுமார் 6 சென்டிமீட்டர்தான். வயிற்று ஸ்கேனுக்கு 15 சென்டிமீட்டர்கூடத் தேவைப்படலாம். புள்ளி புள்ளியாக நகர்ந்து படமெடுப்பதால், அசையும் குழந்தையையும் துடிக்கும் இதயத்தையும் தொட்டுப் பார்க்கும் கருவிபோல உடனுக்குடன் காட்ட முடியாது.

நம் ஊருக்கு இன்றைக்கு வேண்டியது மூன்றாவது வகை: கைப்பேசியில் செருகும் கையடக்கக் கருவி. அப்படி ஒன்றான பட்டர்ஃபிளை ஐக்யூ 2017-இல் அமெரிக்க அனுமதி பெற்றபோது அறிவித்த விலை 2,000 டாலருக்கும் குறைவு. படிகத்துக்குப் பதில் சிலிக்கான் சில்லு. இதற்கும் ஜெல் வேண்டும், அழுத்தவும் வேண்டும். ஆனால் கிளினிக்கில் பழகிய தாதி ஒருவர் கையில் இது இருந்திருந்தால், முள் இருக்கிறதா என்று அறிய மாமா ஈப்போ வரை போயிருக்க வேண்டாம். வாங்கச் சொல்லிக் கேட்பதென்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

அதற்காக லேசரை ஒதுக்க மனம் வரவில்லை. முள்ளை எடுத்த பிறகு சீழ் வற்றுகிறதா என்று பார்க்க மூன்று முறை ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று முறையும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் பலமாக அழுத்தினார், இன்னொருவர் கருவியைச் சாய்த்துப் பிடித்தார். அழுத்தினால் சதை நசுங்கும், அளவு மாறும். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மருத்துவர், குறைந்திருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் நான்காவது தேதி குறித்துக் கொடுத்தார். லேசருக்கு அழுத்தும் கையே இல்லை.