மெடிக்கல் கோடிங் வேலைக்கு 65,000 ரூபாய் "டெபாசிட்" கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

இன்று மதியம் ஹெச்.ஆர். அனுப்பிய மெயிலைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "நீங்கள் குறிப்பிடும் தொகைக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை." ஒரே வரி. ஒரு வருஷத்துக்கு மேல் அவர்களிடம் மாடாய் உழைத்தவளுக்கு அவ்வளவுதான் பதில். போனது 65,000 ரூபாய்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. என் ஒரிஜினல் மார்க் ஷீட் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. சென்னையில் ஒரு மாடியில் ட்ரெய்னிங் சென்டர், மேல் மாடியில் ஆபீஸ் என்று நடத்தும் நடுத்தர மெடிக்கல் பில்லிங் கம்பெனி, இவ்வளவு போதும்.

நான் ஆரணிப் பக்கம், பி.எஸ்சி. விலங்கியல். இந்த மாதிரி டிகிரி படித்தவர்களுக்குக் கடைசி செமஸ்டரிலேயே எல்லோரும் சொல்கிற வேலை மெடிக்கல் கோடிங்தான். அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐ.சி.டி.-10 கோடும் சிகிச்சைக்கு சி.பி.டி. கோடும் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் தரும். நல்ல வேலைதான், அதில் சந்தேகமில்லை. அந்த ஆசையை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

இன்டர்வியூவுக்கு அப்பாவும் வந்திருந்தார். அவர் பட்டுத் தறி நெய்பவர், ஆபீஸுக்குள் செருப்போடு போகலாமா என்று வாசலில் தயங்கினார். அப்போதிருந்த ஹெச்.ஆர். எழுந்து வந்து, "உள்ள வாங்கப்பா" என்று கூப்பிட்டு, உட்கார வைத்து, டீ வரவழைத்தார். அப்புறம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டிரண்டு மானிட்டரோடு உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டி, "ஆறு மாசத்துல உங்க பொண்ணு அந்த சீட்லப்பா. சி.பி.சி.ன்னு கோடருக்கான சர்ட்டிஃபிகேட் எக்ஸாம், அதோட ஃபீஸ் நாங்களே கட்டுவோம். இந்த 65,000 சும்மா டெபாசிட், வருஷம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவோம். பாதியில விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னுதான்" என்றார். ட்ரெய்னி, கோடர், சீனியர் கோடர், க்யூ.ஏ., டீம் லீட் என்று ஏணி மாதிரி வரைந்த தாளையும் கொடுத்தார். அதை அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு மரியாதையை எந்த ஆபீஸிலும் அவர் பார்த்ததில்லை. மறு வாரமே அம்மாவின் செயின் கூட்டுறவு வங்கிக்குப் போனது. 65,000 ரூபாய் கட்டினோம்.

ட்ரெய்னிங் உண்மையிலேயே நடந்தது, அதைச் சொல்ல வேண்டும். E11.9 என்றால் பின்விளைவு இல்லாத டைப் 2 சர்க்கரை, 99213 என்றால் பழைய நோயாளி கிளினிக்குக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதைச் சொல்லும் வேலைதான் இன்றுவரை வரவில்லை.

போட்டது டெமோ என்ட்ரியில், அதாவது நோயாளியின் விவரங்களை டைப் அடிக்கும் வேலையில். இடது பக்கம் ஸ்கேன் செய்த பேப்பர், வலது பக்கம் படிவம். நோயாளி பெயர், பிறந்த தேதி, விலாசம், இன்சூரன்ஸ் ஐ.டி. அடி, டேப், அடி, டேப். ஒரு எழுத்து மாறினால் அக்யூரசி குறைந்தது என்று இன்சென்டிவில் கை வைப்பார்கள். சம்பளம் வருஷத்துக்கு 1.8 லட்சம் என்றார்கள். அது சி.டி.சி., அதாவது நமக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மாசம் கைக்கு வருவது 12,400. வேளச்சேரி பி.ஜி.க்கு 6,500 போனால் மீதியில் நகைக்கடன் வட்டியா, சாப்பாடா?

கோடிங்குக்கு எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டால் முதலில் "அடுத்த பேட்ச்". அப்புறம் "க்ளையன்ட் அப்ரூவல் வரல". அப்புறம் அந்த ஹெச்.ஆரே வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் "அப்படி ஒரு கமிட்மென்ட் ரெக்கார்ட்ல இல்லையேம்மா" என்றார். டீம் லீட் ஒரு படி மேலே போய், "வேலை இருக்கேன்னு சந்தோஷப்படு" என்றார். அப்ரைசலில் ஏறியது 500 ரூபாய்.

சரி, டெபாசிட்டையாவது கொடுங்கள், போய்விடுகிறேன் என்று கேட்டபோதுதான் ரசீதைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் "பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பணம் போன கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, கீழ் மாடி அகாடமி பெயரில். "அது வேற என்டிட்டிம்மா, அங்க போய்க் கேளுங்க." கீழே போனால், "உங்களுக்குப் பயிற்சி குடுத்தாச்சே." இரண்டு மாடிக்கும் ஒரே முதலாளி. மார்க் ஷீட்டைக் கேட்டால் "ஹெட் ஆபீஸ்ல இருக்கு". 65,000 ரூபாயை வாங்கும்போது மட்டும் எல்லாம் ஒரே ஆபீஸ்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. சி.பி.சி. பாஸ் செய்தாலும் அனுபவம் இல்லாதவர்களுக்கு சி.பி.சி.-ஏ என்றுதான் கிடைக்கும், ஏ என்றால் அப்ரென்டிஸ், பயிற்சி நிலை. அந்த ஏ போக வேண்டுமானால் பெரும்பாலும் கோடிங் வேலை செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். டெமோ என்ட்ரியை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. வேறு கம்பெனி இன்டர்வியூவில் ஒரு நோயாளியின் சார்ட்டைக் கொடுத்து கோட் பண்ணச் சொல்லிவிட்டு, ரெஸ்யூமைப் பார்த்து, "இவ்வளவு நாள் டேட்டா என்ட்ரிதானா?" என்று கேட்டார்கள். பணத்தோடு என் ஒரு வருஷமும் போச்சு.

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஷிஃப்டுக்கு ஆபீஸ் வண்டி வந்துவிடும். அவசரமாகச் சொல்கிறேன். வேலை தருகிறவன் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள், எந்தப் பெயரில் கேட்டாலும். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டலாம், கொடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டரில் என்ன வேலை என்று பாருங்கள், "ப்ராசஸ் எக்ஸிக்யூட்டிவ்" என்று இருந்தால் எதில் வேண்டுமானாலும் போடுவார்கள். சி.டி.சி.யை விட்டுவிட்டுக் கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சி.பி.சி. தேர்வுக்கு எந்தக் கம்பெனியும் தேவையில்லை, அதை நடத்தும் அமெரிக்க அமைப்பான ஏ.ஏ.பி.சி.யின் தளத்தில் நாமே பதியலாம். நூறு கேள்வி, நான்கு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ்.

ஏற்கெனவே கட்டியவர்களுக்கு: தெரிந்த வக்கீல் அக்கா ஒருவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸாப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நான் திங்கட்கிழமை போகிறேன். என் பேட்சிலும் அதற்கு முந்தின பேட்சிலும் 65,000 கட்டியவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே கொடுப்போம்.