கேம்பர் பெட்டி ஏற்ற எந்த பிக்கப்? மூட்டைக் கணக்கில் சில வண்டிகள்

பிக்கப் வண்டியின் பின்பக்கச் சுமைத் தொட்டியில் ஏற்றி, பயணத்தில் தங்குவதற்கான படுக்கை, அடுப்பு வைத்த பெட்டிதான் கேம்பர். பேரிலேயே கேம்பர் இருக்கிறதே என்று மஹிந்திரா போலேரோ கேம்பரை விசாரிப்பவர்கள் உண்டு. அது இரட்டை கேபின் பிக்கப்பின் பேர், அவ்வளவுதான். தொட்டி குட்டை, படுக்கை வைத்த பெட்டி பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

வைக்கோல் ஏற்றிப் போகிற குட்டி யானையை (டாடா ஏஸ்) பார்த்தும் ஏமாற வேண்டாம். வைக்கோல் உயரம்தான், கனம் கிடையாது. கேம்பரை நெல்லாக எண்ண வேண்டும். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. வெறும் பெட்டி 500 கிலோ என்று வையுங்கள். தண்ணீர் 80 லிட்டர், பேட்டரி இரண்டும் 60 கிலோ, வீட்டு சிலிண்டர் 30, கட்டில், அடுப்பு, பாத்திரம் 100, ஆள் இரண்டு பேர் 140. ஆக 910 கிலோ, 23 மூட்டை. முக்கால் டன் குட்டி யானை 18 மூட்டையிலேயே முடிந்தது. அசோக் லேலண்ட் தோஸ்த் 1.25 டன் மாடல் தாங்கும். மேற்கொண்டு சாமான் சேர்த்தால் இழுபறிதான்.

போலேரோ பிக்கப் 1.7 டன் வண்டிக்கு இது பாதிச் சுமைக்குச் சற்று மேலே. தொட்டியும் சுமார் 9 அடி. காலியாக ஓட்டினால் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தூக்கிப் போட்டு இடுப்பை வாங்கும், பெட்டி ஏறியதும் அடங்கிவிடும். டாடா யோதாவும் இதே ரகம். எந்த வண்டிக்கு மெக்கானிக் கிட்டே இருக்கிறாரோ அதைப் பார்த்து இரண்டில் ஒன்றை எடுக்கலாம். இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் சொகுசானவை. ஆனால் தொட்டி 5 அடி சுமார். ஆர்சியில் உள்ள மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்துப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

எஞ்சின் பலத்தைப் பற்றி ரொம்ப அலட்ட வேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை ஏற்றம் என்றால் பாலத்து மேடுதான். கொல்லிமலையின் 70 வளைவு ஏறுகிறவர்கள் கவலைப்படட்டும்.

கோளாறு பெரும்பாலும் பெட்டி உட்காரும் இடத்தில்தான் வரும். பெட்டிக்கடியில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைக் கொடுத்து, சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் சமமாக நிற்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஏற்றிய பிறகு அந்தக் கோடு பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடிமானமில்லாமல் மிதக்கும். தண்ணீர்த் தொட்டியைக் கேபின் பக்கம் மாற்றினாலே பாதி சரியாகும். கூடுதல் கமான் பட்டை போட்டால் வண்டி நிமிரும், அனுமதித்த எடை உயராது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கயிறு கட்டும் கொக்கியில் பெட்டியைக் கட்டாதீர்கள், தகடு கிழியும். சேஸிஸில் துளை போடாமல் யு போல்ட் மாட்டி, டர்ன்பக்கிளால் (திருகினால் இறுகும் இணைப்பு) இழுங்கள். அடியில் ரப்பர் பாய் விரித்தால் வழுக்காது. 50 கிலோமீட்டர் போனதும் மறுபடி முறுக்குங்கள். நிரந்தரமாகப் பொருத்துவதானால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும். ஓடும்போது பெட்டிக்குள் ஆள் கூடாது.

தண்ணீர் நிரப்பி, ஆளும் ஏறி, அரிசி ஆலைப் பக்கத்து எடைமேடையில் ஒரு தடவை முன்சக்கரம் மட்டும், ஒரு தடவை முழு வண்டி என்று நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். பெட்டி இல்லாமல் போட்ட முன்சக்கர எடையைவிட இது குறைந்திருந்தால், திரும்பிப் போய் பெட்டியை முன்னுக்குத் தள்ளுங்கள். ஐப்பசி மழையில் களிமண் கரையில் இறக்கினால் எந்த வண்டியானாலும் டிராக்டர்தான் இழுக்க வேண்டும்.