"ரொம்ப சாது சார்" என்றால் வாங்காதீர்கள்

முதல்முறையாக லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் நான் ஏமாந்த கதை.

சென்னையில் ஒரு கடை. மகளுக்குப் பேசுகிற பறவை வேண்டும் என்றதும், கடைக்காரர் துணி மூடிய ஒரு கூடையை எடுத்து வந்தார். உள்ளே பச்சைக்கிளிக் குஞ்சுகள். நம் ஊர்க் கிளியை விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேண்டாம் என்றேன். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

அடுத்து நீல நிறத்தில் ஒரு லவ் பேர்டை எடுத்து மகளின் கையில் வைத்தார். "ரெண்டு மாசக் குஞ்சு, ஆண். ரொம்ப சாது சார், கையிலேயே வளர்ந்தது." அது பறக்கவே இல்லை. இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பஞ்சு உருண்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. மகள் உருகிவிட்டாள். ஜோடியே 500 ரூபாய்க்குக் கிடைக்கும் பறவை. ஒன்றுக்கு 1,400 கொடுத்தேன்.

வீட்டில் கூண்டின் தரையை விட்டு ஏறவில்லை. தினையைக் கொறித்துக் கொறித்துக் கீழே போட்டது. மூச்சு விடும்போதெல்லாம் வால் ஆடியது. மூன்றாம் நாள் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. பல நாளாக ஒழுங்காகத் தின்னவில்லை. சிறகையும் வெட்டியிருந்தார்கள். நாங்கள் சாது என்று நினைத்தது பறக்கத் தெம்பில்லாததைத்தான். மறுநாள் காலை செத்துக் கிடந்தது.

கடைக்குப் போய்க் கேட்டால், "நீங்க என்ன தீனி போட்டீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பாதி விலைக்கு இன்னொன்று தருவதாகச் சொல்லி அதே கூண்டுக்குள் கையை விட்டார். வந்துவிட்டேன்.

வாங்கிய அன்று எடுத்த போட்டோவைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் அதிலேயே இருந்தது. குஞ்சாக இருந்தால் நெற்றிக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருக்கும்; மூன்று நான்கு மாதத்தில் இறகு உதிரும்போதுதான் மறையும். கண்ணும் முழுக்கக் கறுப்பாக இருக்கும். என் பறவைக்கு நெற்றியில் கோடே இல்லை, கண்ணில் வெள்ளை வளையம். அலகுக்கு மேலே மூக்குத் துளையைச் சுற்றி மெழுகு போல ஒரு பகுதி உண்டு. வளர்ந்த ஆணுக்கு அது நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. (வெள்ளை, மஞ்சள் ரகங்களில் இந்தக் கணக்கு சரியாக வராது.) என்னுடையது நல்ல பழுப்பு. ஆக, குஞ்சும் இல்லை, ஆணும் இல்லை. இன்னும் சொன்னால் லவ் பேர்டே இல்லை: இது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகார், அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவுடையது. அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

கடையில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். தின்கிறதா, ஆசனவாய்ப் பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, கையை உள்ளே விட்டால் பதறிப் பறக்கிறதா? பதறுவதையே வாங்குங்கள், பழக்குவது நம் வேலை. அதே கூண்டில் ஒன்று உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கூண்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.